சிவப்பு வண்டிகளில் எது பத்திரம்

என் வீட்டுக்காரர் டேங்கர் லாரியை விட்டுவிட்டுத் தீயணைப்பு வண்டி ஓட்டப் போகிறேன் என்று சொன்ன அன்று, வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை சண்டை போட்டிருப்பாள். நான் கேட்ட முதல் கேள்வி, “எந்த வண்டி?” என்பதுதான்.

“இன்னா எந்த வண்டி? ஃபயர் வண்டி. செவப்பா இருக்குமே.”

“செவப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அங்க எத்தினி வண்டி கீது, அதுல உனுக்கு எது?”

அவருக்கே தெரியவில்லை. எதையும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற ஆள் அவர். நானோ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். இப்படி இரண்டு பேர் பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணுகிறோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு தீயணைப்பு நிலையம் வைத்திருந்தார்கள். ஊரில் அரசாங்க நிலையம் இருக்கிறது. ஆனாலும் பெயிண்ட், தின்னர், ரப்பர், ஆயில் என்று அடுத்தடுத்த ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வண்டி நின்றால்தான் நிம்மதி. அங்கேதான் இவரை எடுத்திருந்தார்கள். பத்து வருஷம் பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர், பற்றிக்கொள்ளும் சரக்கோடு பழகியவர் என்பது அவருக்கிருந்த தகுதி. விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் கிடந்த மனிதர் இனி தினமும் வீட்டுக்கு வருவார். எனக்கு அது போதும். ஆனால் வருவார் என்பது நிச்சயமாக வேண்டும். இருக்கிற சிவப்பு வண்டிகளில் எது பத்திரமானதோ அதில் அவரை உட்கார வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றே அந்த வருஷம் முழுக்க என் மனசில் ஓடியது.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரம், குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று சனிக்கிழமை மதியம் எல்லோரையும் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டிகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். எல்லா வண்டிகளும் மூக்கைச் சாலைப் பக்கம் வைத்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூட்ஸுகள். பூட்ஸுக்கு மேலேயே பேண்ட்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். காலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டு எழுந்தால் பேண்ட்டும் பூட்ஸும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். சந்தோஷமாக இருந்தது.

நிலைய அதிகாரி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். நான் ஒரு வண்டியின் பக்கவாட்டு ஷட்டரைத் தூக்கப் பார்த்ததும் ஓடி வந்தார். திட்டத்தான் வந்தார். நான் முந்திக்கொண்டு கேள்வி கேட்டதில் திட்ட மறந்துவிட்டார்.

முதலில் நின்றது தண்ணீர் வண்டி. நாமெல்லாம் தீயணைப்பு வண்டி என்றால் மனசில் நினைப்பது இதைத்தான். குடிசை, வைக்கோல், மரக்கட்டை, துணி, பேப்பர் என்று எரிந்து கரியாகிற சாமான்களுக்கு இது.

“அப்ப எல்லாத்துக்கும் இதையே அனுப்ப வேண்டியதுதானே சார்?”

“வடை சுடறப்ப எண்ணெயில தீப்பிடிச்சா தண்ணி ஊத்துவீங்களாம்மா?”

ஊற்ற மாட்டேன். தட்டைப் போட்டு மூடுவேன். அந்தத் தட்டுதான் அடுத்து நின்ற ஃபோம் வண்டி. அதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி. அதற்குள் சோப்புத் தண்ணீர் போலக் கெட்டியான ஒரு திரவம். பம்ப் ஓடும்போது இரண்டும் கலந்து நுரையாக வெளியே வரும். எரிகிற எண்ணெய் மேல் அது பால் மேல் ஆடை படிவதுபோல் படிந்து, காற்றுப் போகாமல் மூடிவிடும். ஆடை எங்காவது கிழிந்தால் அங்கே மறுபடியும் பற்றிக்கொள்ளும், அதனால் நுரையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. அந்த வரியை நான் அப்போது காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை. என் கண் அதற்குள் மூன்றாவது வண்டிக்குப் போய்விட்டது.

மூன்றாவது பவுடர் வண்டி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெரிய இரும்புக் குடம் போல ஒன்று, அதைச் சுற்றிச் சிலிண்டர்கள். குடத்துக்குள் சோடா உப்பு மாதிரி பவுடர். கரண்ட் பேனல், டிரான்ஸ்ஃபார்மர் என்று தண்ணீர் பட்டால் ஆளையே தூக்கியடிக்கிற இடங்களுக்கு இது போகும். ஆனால் ஒரே மூச்சு. தீர்ந்தால் தீர்ந்தது. நான்காவது ஒரு வேன், மீட்பு வண்டி. அதில் தீயை அணைக்க எதுவுமே இல்லை. இரும்பை வெட்டும் கத்தரி, நசுங்கினதை விரிக்கும் ஜாக்கி, கயிறு, ஜெனரேட்டர், விளக்கு, முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர்.

“தீயே அணைக்காத ஃபயர் வண்டியா?” என்று சிரித்தேன்.

“இந்த ஹைவேயில நெருப்புல மாட்டறவங்கள விட லாரிக்கடியில மாட்டறவங்கதாம்மா அதிகம்” என்றார். சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

“ஏணி வண்டி இல்லையா?” என்று கேட்டேன்.

“அது மெட்ராஸ்ல மாடிக் கட்டடத்துக்கு. இங்க புகைக்கூண்டை விட்டா எதும்மா உசரம்?”

கடைசியில், சுவரோரமாக, தண்ணீர் லாரி. இதன் பக்கம் குழந்தைகள்கூடப் போகவில்லை. பெரிய தொட்டி, சின்ன பம்ப், அவ்வளவுதான். இது தீக்குப் பக்கத்திலேயே போகாதாம். தள்ளி, ரோட்டில் நின்றுகொண்டு முன்னால் நிற்கிற வண்டிக்குத் தண்ணீர் கொடுக்கும். தீர்ந்தால் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரும். தீயணைக்கிற வேலையைவிடக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தண்ணீர் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலைதான் இதற்கு அதிகம் என்றார் அதிகாரி. எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

“இவருக்கு இதையே குடுத்துடுங்க சார்.”

என் வீட்டுக்காரர் சமோசாவோடு நின்று என்னை முறைத்தார். அவருக்குக் கொடுத்தது ஃபோம் வண்டி.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தண்ணீர் லாரி, தண்ணீர் லாரி என்று முனகிக்கொண்டே வந்தேன். அவர்தான் சமாதானம் சொன்னார். “இதப் பாரும்மே. டிரைவர் உள்ள போவவே மாட்டான். ஓஸ் பைப்பு புடிக்கிறவங்கதான் போவாங்க. நான் வண்டிகிட்டயே நின்னுகினு பம்ப் பாத்துக்கணும். அவ்ளோதான் வேல.”

நான் அதை அப்படியே நம்பிவிடவில்லை. மறுநாள் அதிகாரிக்கே போன் போட்டுக் கேட்டேன். ஆமாம், டிரைவர் வண்டியை விட்டு நகரவே கூடாது, அதுதான் எங்கள் சட்டம் என்றார். அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சர்ச்சில், கம்பெனியில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். “ஃபயர் வண்டிதான். ஆனா டிரைவர் வெளியதான் நிப்பாரு.”

அதற்குப் பிறகு தினமும் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் கேள்வி ஆரம்பித்துவிடும். “இன்னிக்கு எந்த வண்டி போச்சு?” சில நாள் எதுவும் போயிருக்காது. காலையில் பம்பை ஓட்டிப் பார்த்து, வண்டியைக் கழுவி, நாஷ்டா சாப்பிட்டு, மத்தியானம் கேரம் ஆடியிருப்பார்கள். சில நாள் ஒரே பேஜாராக இருக்கும். ஊத்துக்கோட்டை ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று கரண்ட் கம்பியில் உரசி எரிந்தபோது தண்ணீர் வண்டி போனது. இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் எண்ணெய்க் குழி பற்றிக்கொண்டதும், அங்கிருந்தவர்கள் அவசரத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்துகொண்டே சுவருக்கடியில் ஓடி, அடுத்த பக்கம் இருந்த சைக்கிள் ஸ்டாண்டையும் எரித்துவிட்டது. அங்கே இவர் வண்டி போனது. எனக்கு இந்தக் கதைகள் சீரியல் மாதிரி ஆகிவிட்டன. எது எரிகிறது என்று அவர் சொன்னால், எந்த வண்டி போயிருக்கும் என்று நான் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கம்பெனியிலும் இதே பேச்சுத்தான். நான் வேலை பார்ப்பது பிளாஸ்டிக் டிரம்முக்கு மூடி செய்கிற இடத்தில். மூடியில் ஓட்டை, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது என் வேலை. என் மேஜையில் எதிரே உட்காருகிற பழவேற்காட்டுப் பெண், தன் அண்ணன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இருக்கிறார் என்றும், அங்கே தண்ணீர் பீரங்கி வைத்த படகே உண்டு என்றும் சொன்னாள். கப்பல் எரிந்தால் படகுதான் போகும், கடல் தண்ணீரையே இறைத்து அடிக்கும் என்றாள். தொட்டி தீர்ந்துபோகாத வண்டி! அன்று முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டை மூடிகள் நாலைந்தை நல்லதோடு போட்டுவிட்டேன்.

எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு தின்னர் கிடங்கு. ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது சைரன் அடித்தது. எங்களையெல்லாம் வெளியே கொண்டுவந்து முன் ரோட்டில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். கிடங்குக்கு மேல் புகை கறுப்பாக எழுந்தது. பக்கத்தில் இருந்தவள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆர்வம்தான். “தின்னரு. ஃபோம் வண்டிதான் வரும். எங்க ஊட்டுக்காரர் வருவாரு பாரு” என்றேன்.

வந்தார். வண்டி சந்தின் வாயில் நின்றது. ஐந்து பேர் குதித்தார்கள். ஓஸைச் சுருள் பிரித்து ஓடினார்கள். இரண்டு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு ஓஸோடு பக்கவாட்டுக் கதவுக்குள் போனார்கள். தண்ணீர் லாரி ரொம்பப் பின்னால் வளைவில் நின்றது. என் வீட்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் பம்பிடம் போய் நின்றார். எல்லாம் அவர் சொன்ன மாதிரியே நடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் காற்று திரும்பியது. புகை சந்து வழியாக வண்டி மேலேயே வந்தது. உள்ளே ஒரு டிரம் வெடித்தது. வெடித்த டிரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய், சந்தில் வந்து விழுந்தது. ரோட்டில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க ஓடியது. நானும் ஓடினேன். கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தால், அவர் மட்டும் அங்கேயே நிற்கிறார். ஒரு கை லீவரில். இன்னொரு கையை, வெயிலுக்கு மறைப்பது மாதிரி, கன்னத்தின் பக்கம் வைத்திருந்தார். கண் பம்ப் மீட்டரில்.

“ஓடியாய்யா!” என்று கத்தினேன். “இன்னாத்துக்கு நிக்கிற? ஓடியா!”

பம்ப் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது டிரம் வெடித்தது. அவர் தலையைக் குனிந்தாரே தவிரக் காலை எடுக்கவில்லை. நான் அவரைத் திட்டினேன், அழுதேன், கர்த்தரே கர்த்தரே என்றேன். எங்கள் கம்பெனி மேஸ்திரி என்னை இடுப்போடு பிடித்து இழுத்து வைத்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போன இரண்டு பேரும் ஓஸைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார்கள். அவர்கள் வந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவர் லீவரிலிருந்து கையை எடுத்தார். வண்டியின் அந்தப் பக்கத்துப் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

“வெளியதான் நிப்பேன்னு சொன்னியே!”

“வெளியதானே நின்னேன்.”

“எல்லாரும் ஓடுறாங்க. நீ ஏன் ஓடல?”

அவர் கன்னத்தில் மருந்து தடவிக்கொண்டே சொன்னார். “உள்ள ரெண்டு பேர் கீறாங்க இல்ல. நான் வுட்டுட்டு ஓடுனா ஓஸ்ல ஒண்ணும் வராது. நொர நின்னா அவுங்க காலாண்டயே பத்திக்கும். அவுங்க வெளிய வர்ற வரிக்கும் நான் நவுரக் கூடாது.”

“இத ஏன் எங்கிட்ட முன்னயே சொல்லல?”

“நீ கேக்கவே இல்லியே.”

அது என் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தவள், தொட்டியில் எத்தனை லிட்டர், பவுடர் என்ன உப்பு என்று குடைந்தவள், டிரைவர் வண்டியை விட்டு ஏன் நகரக் கூடாது என்று மட்டும் கேட்கவில்லை. நகராமல் இருப்பது பத்திரம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். தீ நெருங்கினால் மற்ற எல்லோரும் பின்வாங்கலாம். பின்வாங்க முடியாத இடம் அந்த ஓர் இடம்தான். அதில்தான் அவரை உட்கார வைத்துவிட்டு ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகாமல் நேராக நிலையத்துக்குப் போனேன். அதிகாரி முன்னால் நின்று, இவரைத் தண்ணீர் லாரிக்கு மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேலையை விடச் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மாதிரி நிற்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்மா என்றார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில், வேறு ஒருவர் வேலைக்குக் கேட்டு வந்திருக்கிறார், அவரை எடுத்துக்கொண்டு அடுத்த மாதத்திலிருந்து மாற்றுகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். கோபித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்கு வேலைக்குப் போனார், வந்தார். நானும் அந்த மாதம் எந்த வண்டி போச்சு என்று கேட்கவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் வந்து நின்றது. அன்றைக்குக் கிடங்குக்குள் ஓஸோடு போன இரண்டு பேரில் ஒருவர். வேப்பம்பட்டில் இருந்து வருகிறவர், முப்பது வயசிருக்கும். பழவேற்காட்டு இறால் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அண்ணனுக்கு என்றார். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “உள்ள போனா எப்டி தம்பி இருக்கும்?”

“ஒண்ணுமே தெரியாது அண்ணி. பக்கத்துல கீறவன் கையே தெரியாது. அக்குளுக்குள்ள ஓஸ் மட்டும் கெட்டியா இருக்கும். அது கெட்டியா இருந்தா வெளிய டிரைவர் நிக்கிறாருன்னு அர்த்தம். மனசு அதுலயேதான் இருக்கும்.”

“கெட்டியா இல்லன்னா?”

அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது. “அண்ணனுக்கு முன்ன ஒரு டிரைவர் இருந்தாரு. நல்ல மனுசன்தான். ஒரு தபா டிரம் வெடிச்சதும் பயந்துகினு ஓடிட்டாரு. ஓஸ் தொளதொளன்னு ஆயிட்ச்சி. தவுந்துகினே வெளிய வந்தோம். அவரக் குத்தம் சொல்ல மாட்டேன் அண்ணி, யாருக்குத்தான் பயமில்ல? அவரு வேலய வுட்ட அப்புறந்தான் அண்ணன எடுத்தாங்க.”

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு டீயை எடுத்தார். குடிக்கவில்லை.

“அண்ணன தண்ணி லாரிக்குப் போட்டுட்டாங்களாமே. ஏன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. ஸ்டேஷன்ல எல்லாரும் சொல்லுவாங்க, அண்ணிக்குத்தான் எல்லா வண்டியும் அத்துப்படின்னு. அதான் ஒங்களக் கேக்கலாம்னு வந்தேன். புதுசா வர்ற டிரைவர் எப்டி அண்ணி? நிப்பாரா?”

“தெரியாது தம்பி” என்றேன். அப்புறம், மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, “இவர மாத்தச் சொல்லிக் கேட்டது நான்தான்” என்றேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“எங்க ஊட்டுக்காரியா இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பா அண்ணி” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

இரண்டு மணிக்கு அந்தத் தம்பிக்கு டூட்டி. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். பைக் தெரு முனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே இறாலைத் தண்ணீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். என் மனுஷன் என் வீட்டில் இருக்கிறார். நான் ஆசைப்பட்டது அதுதான், கிடைத்துவிட்டது. அந்தத் தம்பி எந்த வண்டியில் ஏறுவார், தீ பிடித்தால் எந்தக் கதவு வழியாக உள்ளே போவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் அக்குளில் இருக்கிற ஓஸ் கெட்டியாக இருக்குமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.